தளத்தின் மூன்றாவது தூண்

ஓவீத் லெமுவான் முப்பது வருஷம் இழுவைப் படகில் ஓடியவர். தண்ணீரைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லூசியானாவின் அந்த ஓடைக்கரையில் அவர் வீடு எத்தனையோ புயலைப் பார்த்துவிட்டது. ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. அந்த வீட்டைத்தான் அரசாங்கத்தின் புது வெள்ள வரைபடம் வெள்ளப் பகுதிக்குள் போட்டது. வீட்டுக் கடன் பாக்கி இருப்பதால் வெள்ளக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்றது பேங்க். ஓய்வூதியத்தில் பாதி அதற்கே போய்விடும். விற்றுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

எதிர்வீட்டு கிளோவிஸுக்கு இரண்டு தடவை கட்டிலே மிதந்தது. வரைபடத்தில் அவர் வீடு வெளியே.

"மிதந்தவன் நான், முழுகினது நீயா? கொடுத்து வச்சவன்டா," என்று அவர் வேறு சீண்டினார்.

ஓவீத் மறுப்பு எழுதிப் போட்டார். உயரத்தை அளந்து சான்று அனுப்பச் சொன்னார்கள். நில அளவைக்காரி டெனீஸ் முக்காலிக் கருவியோடு வந்தாள். வீட்டின் தரை எவ்வளவு உயரம் என்று ஓவீத் பெருமையாகக் காட்டினார். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டைத் தொடும் மண்ணில் எது ஆகப் பள்ளம் என்று தேடிக்கொண்டே பின்பக்கம் போனாள். அங்கே, பெரிய வெள்ளிதோறும் சொந்தக்காரர்கள் கூடிச் சேற்றிறால் அவிக்க அவர் கட்டிய பலகைத் தளம். அதன் மூன்றாவது தூண் ஓடைச் சரிவில் நின்றது.

"மத்ததெல்லாம் சரிங்க. இந்தத் தூண் நிக்கிற மண்ணுதான் வெள்ள மட்டத்துக்கு அரையடி கீழ."

"அது வீடு இல்லம்மா. இறால் அவிக்கிற இடம்."

"வீட்டோட சேத்து முடுக்கியிருக்கீங்களே. ஒட்டியிருந்தா அதுவும் வீடுதான்."

"அப்ப கழட்டிட்டா?"

"கழட்டுங்க. மறுபடி அளக்கறேன்."

கேலி செய்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். ஆனாலும் கிளோவிஸைக் கூப்பிட்டு, திருகாணிகளைக் கழற்றி, தளத்தை ஒரு முழம் தள்ளி நிறுத்தினார். வீடு ஒரு விரற்கடைகூட உயரவில்லை. டெனீஸ் அளந்தாள், எழுதினாள், போனாள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வீடு வெள்ளப் பகுதிக்கு வெளியே. கீழே இன்னொரு வரி: மனை மட்டும் உள்ளேயே இருக்கிறது. மூன்று தடவை படித்துவிட்டு, பேங்கிலும் காட்டிவிட்டு மனைவி எர்லினிடம் வந்தார்.

"வீடு வெளியேயாம், மண்ணு உள்ளேயாம். அப்ப வீடு எது மேல நிக்குது?"

"பேங்க்ல என்ன சொன்னாங்க?"

"இன்சூரன்ஸ் வேணாம்னுட்டாங்க."

"அப்புறம் என்ன? சனிக்கிழமை வீடு பாக்க வர்றவங்களுக்கு வர வேணாம்னு சொல்லு."

ஓவீத் போனை எடுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.