தேவி நிற்காமல் வாசித்த பக்கம்

தேவி, நீ போன பிறகு நம் வீட்டில் யாரும் சத்தமாக வாசிப்பதில்லை.

மைசூர் மண்டி மொஹல்லாவில் அப்பாவும் நானும் மூட்டை தூக்குகிறோம். நான் ஊரில் மூன்றாவது வரை தமிழ் படித்தவன். என் தங்கை தேவி இங்கே ஏழாவது. தினமும் ஒரு பக்கம் கன்னடம் வாசித்தால்தான் அவளுக்குச் சோறு என்று அப்பா சொல்லியிருந்தார். எங்களுக்குக் கன்னட எழுத்தும் தெரியாது, புத்தகக் கன்னடமும் புரியாது. நிற்காமல் வாசித்தால் சரி, நின்றால் தப்பு என்று நினைத்தோம்.

ஒருநாள் பாதியில் நின்றாள். "தலை வலிக்குதுப்பா. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

"கண்ணு ரெண்டு இருக்குல்ல, ரெண்டாத்தான் தெரியும். வாசிடி!"

"சும்னே நடிக்கிறாப்பா" என்று நானும் கன்னடம் கலந்து சொல்லிச் சிரித்தேன். அன்று அவள் பட்டினி.

மறுவாரம் கடகடவென்று வாசித்தாள். அப்பாவுக்கு ஒரே பெருமை. வகுப்பில் மயங்கி விழுந்தபோதுதான் அவள் தோழி அழுதுகொண்டே சொன்னாள், தான் வாசித்துக் காட்டிய ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்து தேவி தினமும் ஒப்பித்தாள் என்று. மூளையில் கட்டி. டாக்டர், "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். யாராவது நின்றால் திட்டுவதில்லை. "கண்ணு நல்லா தெரியுதா? தலை வலிக்குதா?" என்றுதான் கேட்கிறேன்.

என் தேவி போன இடத்திலாவது பசியில்லாமல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.