தேவம்மாவின் கேட்

தேவம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மைசூர் விஜயநகரின் கடைசித் தெருவில் இருந்த எங்கள் தொடக்கப்பள்ளியின் மாதச் செய்தி மடலை அவரைப்போல ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்த்தவர் யாரும் இல்லை. அந்த மடலை எழுதிய என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் மார்டள்ளிக்காரன்; கர்நாடக எல்லையில் தமிழ் பேசுகிற ஊர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. 1997 ஜூன் மாதம் அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியராகச் சேர்ந்தேன். முதல் வாரமே தலைமையாசிரியை சுசித்ரா மேடம் செய்தி மடல் வேலையையும் என் தலையில் கட்டினார். நான் அதை மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை கட்டியதாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் ஆங்கிலம். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி, நூற்றெண்பது தாள் எடுக்க வேண்டும். கடைசி வரியில் என் பெயரும் பி.ஏ., பி.எட். என்ற எழுத்துகளும் இருக்கும். மை குறைந்தால் முதலில் மங்குவது அந்த எழுத்துகள்தான் என்பதால் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே அனுப்புவேன்.

தேவம்மா அந்தப் பள்ளியின் கேட் ஆயா. வயது ஐம்பதுக்குப் பக்கம். எங்கள் ஊருக்கு அருகே ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே கல்லும் மண்ணும் சுமந்தவர். கட்டடம் முடிந்ததும் கூட வந்தவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். கணவரை இழந்திருந்த தேவம்மா கேட்டிலேயே தங்கிவிட்டார். வேலையோடு சேர்த்து, பள்ளிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறையும் கிடைத்தது. மைசூரில் அவருக்கு வேறு இடம் கிடையாது.

மடல் வெளிவரும் நாள் காலையில் என்னைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்து, "இந்த மாசம் என்னங் விசேசம், வாத்தியாரே?" என்பார். ஒருமுறை படித்துக் காட்டினால் போதும். சாயங்காலம் மூன்றரை மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருபவர்களிடம் வாயாலேயே விநியோகம் நடக்கும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். ஊசி என்றால் பயப்படும் பையனின் அப்பாவிடம், பதினெட்டாம் தேதி வருவது ஊசி இல்லை, சொட்டு மருந்துதான் என்பார். விளையாட்டு விழாவுக்கு வெள்ளை கான்வாஸ் ஷூ கட்டாயம் என்று நான் எழுதியிருப்பேன். கட்டடத் தொழிலாளர் ஷெட்டிலிருந்து வரும் தாய்மார்களிடம் அது வெறுங்கால் போதும் என்று மாறியிருக்கும்; மேடத்திடம் தான் சொல்லிக்கொள்வதாகவும் உறுதி கொடுத்திருப்பார். ஸ்கூட்டரில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற பாதுகாப்புக் குறிப்பை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. மூன்றாவது பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கிவிடுவார், அவ்வளவுதான்.

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நிர்வாகக் கமிட்டி ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. கொண்டுவந்தவர் சேகரன் சார். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் அதிகாரி. அவருடைய மகள் ஜீவிதா என் வகுப்பில்தான் படித்தாள். பெங்களூரில் ஏதோ பள்ளியில் பார்த்தாராம்: பிள்ளையை அழைத்துப்போக வருபவர் புகைப்படம் ஒட்டிய அட்டையைக் காட்ட வேண்டும், சீருடை போட்ட காவலர் அதைச் சரிபார்த்துத்தான் பிள்ளையை விட வேண்டும். நவம்பர் மடலில் இதற்கு நான் அரைப் பக்கம் ஒதுக்கினேன். 'தங்கள் குழந்தையை அழைத்துச் செல்ல வருபவரின் புகைப்படம்' என்ற வரியை மூன்று முறை அடித்துத் திருத்தினேன். முன்பின் அறியாத ஆளிடம் ஒரு குழந்தையும் போய்விடக் கூடாது என்பது எனக்கும் நியாயமாகவே பட்டது. ஸ்டென்சில் முடியும் நேரத்தில் மேடம் ஒரு கடைசிப் பத்தியை அனுப்பினார். ஜனவரி முதல் கேட் பொறுப்பு முழுவதும் காவலருடையது, ஆயா பணியிடம் நிறுத்தப்படும் என்று அதில் இருந்தது. மாதக் கடைசிச் சனிக்கிழமை கூடும் கமிட்டி ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது. அதையும் என் கையால்தான் வெட்டினேன்.

மடல் வெளிவந்த அன்று காலை தேவம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்தப் பத்திக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். அவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்களே. கீழ வரைக்கும் கருப்பாத்தான இருக்குது."

படித்தேன்.  அவர், ஜனவரி வரைக்கும் கேட் நம்முடையதுதானே என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல மணி அடிக்கப் போனார்.

அட்டைகள் வந்தன. கட்டட ஷெட்டில் இருந்த ரத்தினவேல் குடும்பம் கொண்டுவந்த அட்டையைப் பார்த்துப் புதுக் காவலர் முனிராஜுக்கு மயக்கம் வராத குறை. தபால்தலை அளவுப் படத்தில் ஒன்பது பேர். ரத்தினவேல், மனைவி சரசு, மச்சான், கொத்தனார், அவர் மனைவி, சித்தாள் இரண்டு பேர், இன்னும் யார் யாரோ. எல்லாருக்கும் கடுகளவு முகம். இது என்ன என்று நான் கேட்டதற்கு சரசு கோபித்துக்கொண்டார். யாருக்கு எப்போது வேலை முடிகிறதோ அவர்தான் பையனைக் கூட்ட வருவார். வருபவர் படம் என்றுதானே எழுதியிருந்தீர்கள். எழுதியபடியே ஸ்டூடியோவில் எல்லாரும் தலை சீவி நின்றோம் என்றார். ஷெட்டிலிருந்து வந்த பதினோரு அட்டைகளும் அப்படித்தான். என் வாக்கியத்தில் குறை சொல்ல இடமே இல்லை. முனிராஜ் நல்ல மனிதர். படத்தை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு வந்தவரின் முகத்தைத் தேடுவார். கிடைக்காவிட்டால் தேவம்மாவைப் பார்ப்பார். தேவம்மா தலையசைப்பார்.

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. மூன்றரை மணிக்கு சேகரன் சார் ஸ்கூட்டரில் வந்தார். மதியம் கிளப்பில் யாருக்கோ வழியனுப்பு விருந்து. சட்டை மடிப்புக் கலையவில்லை. ஆனால் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட மூன்று தடவை முயன்று, நான்காம் தடவை அதன் மேலேயே சாய்ந்துகொண்டார். அட்டையை நீட்டினார். அட்டை எண் ஒன்று.

முனிராஜ் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "கார்டு சரியா இருக்குது," என்று ஜீவிதாவைக் கூப்பிட்டார். அவள் பையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். தேவம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை ஒரு அட்டையையும் தொட்டிராதவர், முனிராஜ் கையிலிருந்த அட்டையை வாங்கி சேகரன் சாரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"முனிராஜு, நல்லாப் பாருங். போட்டோவுல இருக்கறவரு நேரா நிக்கறாரு. இவரு சாய்ஞ்சு நிக்கறாரு. இது வேற ஆளு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சட்டென்று ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றார் சேகரன் சார். "கமிட்டி மெம்பர். தெரியும் அல்லவா?"

"தெரியுமுங். காலையில பாப்பாவக் கொண்டாந்து விட்ட சேகரன் சாரு வந்தா இப்பவே அனுப்பிருவனுங்."

"நாளைக்கு மீட்டிங்ல பார்த்துக்கறேன்."

"பாருங் சார். பாப்பாவும் நாளைக்குப் பள்ளிக்கூடம் வரோணுமல்லங்."

சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை உருவித் தன் சுருக்குப் பையில் போட்டார். நான் சாக்பீஸும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் வேலை நிரந்தரமாகவில்லை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை. தேவம்மா என் பக்கம் திரும்பி, பாப்பாவின் அம்மாவுக்குப் போன் போடுங்கள் என்றார். போனேன். சேகரன் சார் இங்கே இருக்கிறார், கொஞ்சம் களைப்பாக இருக்கிறார் என்று போனில் சொன்னேன். எவ்வளவு களைப்பு என்று கேட்டார் அவர் மனைவி. ஸ்கூட்டர் ஓட்ட முடியாத அளவுக்கு என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பதினைந்து நிமிடத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கணவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு மகளுக்குக் கை நீட்டினார். முனிராஜ் கடமை தவறாமல் அட்டை கேட்டார். அந்த வீட்டில் அட்டை ஒன்றுதான். அதில் படமும் ஒன்றுதான். பெற்ற தாயை நிறுத்திவைத்துவிட்டு முனிராஜ் பரிதாபமாகத் தேவம்மாவைப் பார்த்தார்.

"அனுப்புங்," என்றார் தேவம்மா.

"கார்டு?"

"நானிருக்கறனல்லங்."

சாவியை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். ஸ்கூட்டரை உள்ளே தள்ளி, வேப்ப மரத்தடியில் நிறுத்தினோம். அன்று சாயங்காலமே தேவம்மா தன் அறையில் இருந்த இரண்டு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துத் துணி மூட்டையும் கட்டிவிட்டதாக முனிராஜ் சொன்னார். ஜனவரி வரைக்கும் நேரம் இருக்கிறதே என்றாராம் இவர். நாளைக்கே சொன்னாலும் சொல்வார்கள் என்றாராம் தேவம்மா.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து கமிட்டி கூடியது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் தீர்மானப் புத்தகம் எழுதும் வேலை எனக்கு. சேகரன் சார் புதிதாகத் தேய்த்த சட்டையில், மிக நேராக உட்கார்ந்திருந்தார். கழிவறைக் குழாய், விளையாட்டு விழாப் பரிசுகள், ஸ்டென்சில் தாள் எல்லாம் கடந்து நான்காம் பொருளுக்கு வந்தோம். தலைவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: "கேட் ஆயா பணியிடத்தை நிறுத்துவது. முன்மொழிபவர் சேகரன்."

சேகரன் சார் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் குடித்துக்கொண்டிருந்தார். சுசித்ரா மேடம் மின்விசிறியைப் பார்த்தார்.

"இதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்," என்றார் சேகரன் சார்.

எதுவரைக்கும் என்று தலைவர் கேட்டார். புத்தகத்தில் தேதி போட வேண்டுமே.

"எங்க பாப்பா நாலாவது முடிக்கிற வரைக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. 2000 மார்ச் வரை ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன். அவ்வளவு அழகாக நான் எந்தத் தேதியையும் எழுதியதில்லை.

புத்தகத்தை மூடியதும் நேராகக் கேட்டுக்குப் போனேன். தேவம்மா மூட்டையை ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மூட்டையைக் காலால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்.

"பாப்பா இப்ப ரெண்டாவதுதானுங்க?"

"ஆமாங்க்கா."

"உங்க கிளாசுதான?"

"என் கிளாசுதான்."

"அப்ப அவசரப்பட்டுப் பாஸ் போட்டுறாதீங் வாத்தியாரே."

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பெண் அது என்றேன். அப்படியானால் கஷ்டந்தான் என்று சொல்லிவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.