வீரம்மாள் பெயரில் இரண்டு பெட்டிகள்

வீரம்மாள் டி.பி.யில் செத்தாள் என்றுதான் எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும்போல ஆத்திரம் வரும். முதல் பிடி மண் என் வாயில்தான் விழவேண்டும் என்பது ஞாபகம் வந்ததும் பேசாமல் இருந்துவிடுவேன்.

நான் அன்புக்கரசி, விருத்தாசலத்தில் பால்வாடி டீச்சர். வீரம்மாள் எங்கள் எதிர்வீடு. சொந்தம் கிடையாது, ஆனாலும் நானும் என் தங்கை வாசுகியும் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமான மூன்றாம் வருஷமே வேப்பூர் பக்கம் லாரி கவிழ்ந்து அவள் புருஷன் போய்விட்டான். பிள்ளை இல்லை. பதினெட்டு வருஷமாகப் பீங்கான் கம்பெனியில் வேலை. பியூஸ் கட்டைகள் சூளைக்குப் போகும் முன்னால் ஓரத்துப் பிசிறைச் சீவிச் சமப்படுத்துவாள். சாயங்காலம் வரும்போது தலை, புருவம் எல்லாம் வெள்ளை மாவாக இருக்கும்.

"எனக்குப் பவுடரு செலவு கம்பெனியோடதுடி" என்பாள்.

முகம் கழுவியதும் முதல் வேலையாகக் கண்ணுக்கு மை தீட்டுவாள். பெரிய கண்கள், அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. புருஷன் இல்லாதவளுக்கு மை எதற்கு என்று குழாயடியில் எவளாவது முணுமுணுத்தால் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யாருமில்லை.

2003 ஆனியில் வாசுகிக்கு இருமல் ஆரம்பித்தது. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. திட்டக்குடியில் தமிழ்ச்செல்வனுக்குப் பேசிப் பூ வைத்து, தைக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. ஒரு மாதமாகியும் இருமல் நிற்கவில்லை. ஒரு நாள் சளியில் ரத்தத்தைப் பார்த்தேன். மூன்று வாரம் இருமினால் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். மாத்திரைப் பெட்டியின்மேல் பெயர் எழுதுவார்கள், விலாசம் விசாரிக்க ஆள் வருவார், தெருவுக்கு வந்த சேதி திட்டக்குடிக்குப் போக அதிக நாள் ஆகாது என்பதும் தெரியும்.

அந்த யோசனை என்னுடையது. அம்மா சொர்ணாம்பாளுக்கும் வாசுகிக்கும் அதில் பங்கில்லை. நான்தான் வீரம்மாளிடம் போய் அழுதேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

"எம் பேர எழுதிக்கணும், அவ்ளோதான? எழுதிக்க. எனக்கு என்னா கல்யாணமா நிக்குது? ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன், அவ கல்யாணத்துல மொதப் பந்தியில எனக்கு எல போடணும்."

ஆஸ்பத்திரியில் சளியை அறைக்குள் எடுக்கவிட மாட்டார்கள். காற்றோட்டமான இடத்தில் போய் இருமித் துப்பிக் கொண்டுவா என்று கப்பைக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்தப் பக்கம் ஈ காக்கை வராது. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. மதில் ஓரமாக நின்று வாசுகி துப்பினாள். வீரம்மாள் மூடியைத் திருகி எடுத்துப்போய்க் கொடுத்தாள். இப்படி மூன்று கப். சளியில் கிருமி நிறைய இருந்தது. டாக்டர் வீரம்மாளிடம் எங்கே வேலை என்று கேட்டார். பீங்கான் கம்பெனி என்றதும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

சிவப்புப் பெட்டி வந்தது. மேலே வீரம்மாள், வயது நாற்பத்தாறு என்று எழுதியிருந்தது. மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைக்கும் பொறுப்பு தெருவின் பால்வாடி டீச்சருக்கு, அதாவது எனக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு வாசுகிக்கு ஏழு மாத்திரை கொடுப்பேன். வீரம்மாளின் கார்டில் டிக் போடுவேன்.

விலாசம் விசாரிக்க வந்தவர் கம்பெனியிலும் போய் விசாரித்துவிட்டார். மறுநாள் மேஸ்திரி அவளை வாசலிலேயே நிறுத்தி, "இந்தத் தூசு ஒனக்கு ஆவாதும்மா, வூட்ல இருந்து ஒடம்பப் பாத்துக்க" என்று அனுப்பிவிட்டார். டீக்கடையில் அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பு. குழாயடியில் எல்லாரும் பிடித்து முடித்த பிறகு அவள் குடம். சண்டைக்கு நிற்கிறவள், ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். பேசினால் உண்மை வந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

ஆறு மாதத்தில் வாசுகி தேறிவிட்டாள். வீரம்மாள் குணமடைந்தார் என்று ரிஜிஸ்டரில் ஏறியது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தவர்கள் அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள்.

"ஒங்க எதுர்வூட்ல டி.பி.காரி ஒருத்தி இருக்குதாமே. பந்தியில கிந்தியில வந்து ஒக்காந்துடப் போவுது, பாத்துக்கங்க."

அதையும் நான்தான் போய்ச் சொன்னேன். வீரம்மாள் கல்யாணத்துக்கென்று எடுத்த பச்சைப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இருமுனவ மணையில ஒக்காருவா, இருமாதவ பந்திக்கு ஆவாது. நல்லாதான்டி இருக்குது" என்று சிரித்தாள்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடிபட்ட முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்தினேன்.

கம்பெனிகளில் அவளை அதற்குப் பிறகு யாரும் சேர்க்கவில்லை. கிடைத்த கூலி வேலைக்குப் போனாள், பிறகு நூறு நாள் வேலைக்கு மண் அள்ளப் போனாள். 2007இல் மண் கூடையைத் தூக்கினால் நெஞ்சை அடைக்கிறது என்றாள். வறட்டு இருமல். காலையில் நன்றாக இருப்பாள், சாயங்காலமானால் கண் இமை இரண்டும் தொங்கிவிடும். சோறு மெல்லும்போதே தாடை ஓய்ந்துபோகும்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவில் ஒரு நிழல். சளியில் கிருமி இல்லை. இப்போது வேறு டாக்டர். பழைய ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். பெயர் இருந்தது.

"நாலு வருசத்துக்கு முன்னாடி மாத்திர முழுசா சாப்பிட்டியாம்மா?"

வீரம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தேன்.

"சாப்புட்டேங்க" என்றாள்.

இவளுக்கு டி.பி. வந்ததே இல்லை. நாலே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிழல் வேறென்ன என்று அவர் தேடியிருப்பார். வாசுகிக்கு அப்போது நிறைமாதம். நான் வாயைத் திறக்கவில்லை. பழைய டி.பி. திரும்பிவிட்டது என்று எழுதினார்கள். திரும்ப வந்தவர்களுக்கு நீலப் பெட்டி, கூடவே இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று ஊசி.

வீட்டுக்கு வரும் வழியில் வீரம்மாள், "அந்தக் கப்பத் தூக்கித் தூக்கிக் குடுத்தேன்ல, அதுலேருந்து ஒட்டிக்கிச்சோ என்னவோ" என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். அப்படியானால் டாக்டர் சொன்னது சரிதான், நான் எதையும் மறைக்கவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ஊசி போடப் போட அவள் மோசமானாள். ஆறாவது ஊசிக்குப் பிறகு குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. நர்ஸிடம் சொன்னதற்கு, பலவீனம், கஞ்சியாகக் கொடுங்கள் என்றார். மாத்திரை கொடுக்கப் போனால் ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். பேச்சு மூக்கால் வந்தது.

"இதாவது எம் மாத்திரையா? இல்ல, இதுவும் ஒந் தங்கச்சிதா?"

பதினான்காவது ஊசி போட்ட அன்று மூச்சு வாங்கியது. கார் பிடித்துப் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு, கார்டைப் பார்க்கும் முன்னால் அவள் கண்ணைப் பார்த்தார். மேலே பாருங்கம்மா என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இமைகள் தானாக இறங்கிவிட்டன. உடனே ஸ்கேன் எடுத்தார்கள்.

"நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்குது. அதுல கட்டி. அபூர்வமா வர்றது. இந்தக் கட்டி வந்தவங்கள்ல சில பேருக்கு ஒடம்புல இருக்குற தசையெல்லாம் ஓய்ஞ்சுபோற வியாதியும் சேந்து வரும். அவங்களுக்கு இந்த ஊசியப் போடவே கூடாது. இவங்களுக்கு டி.பி.ன்னு யாரு சொன்னது?"

"கார்டுல இருக்குதுங்க" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

மூச்சு சீரானால் கட்டியை எடுத்துவிடலாம் என்றார்கள். தொண்டையில் குழாயோடு ஒன்பது நாள் கிடந்தாள். மூச்சு சீராகவில்லை.

விருத்தாசலத்துக்குக் கொண்டுவந்து பச்சைப் புடவையைப் போர்த்தினேன். மூடிய கண்ணுக்கு மை இட்டேன். தெருவில் பாதிக் கதவு திறக்கவில்லை. வாசுகி வரவில்லை. "டி.பி. சாவுன்றாங்க இங்க. கைக்கொழந்தைய வச்சிக்கிட்டு எப்படிக்கா?" என்று போனில் கேட்டாள். இரண்டாவது கார்டில் 'இறந்தார்' என்று என் கையாலேயே எழுதினேன்.

இரண்டு வருஷம் போயிற்று. 2009 ஐப்பசியில் வாசுகி போன் செய்தாள். மறுபடி இருமல், சளியில் கிருமி, திட்டக்குடியில் டாக்டர் நாளைக்கு மாத்திரை ஆரம்பிக்கிறார்.

"முன்னாடி எப்பவாவது மாத்திர சாப்புட்டியான்னாரு. இல்லவே இல்லன்னுட்டேன். நீயும் எதனா ஒளறி வைக்காதக்கா. வீரம்மா அத்தயே போயிடுச்சு, இனிமே யாருக்குத் தெரியப் போவுது?"

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னைக் கிளப்பியது. இரண்டாம் முறை வந்தவளுக்கு முதல்முறைக்காரியின் பெட்டியைக் கொடுத்தால் கிருமி சாகாமல் முரண்டு பிடிக்கும். வாசுகிக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும். என் டிரங்குப் பெட்டி அடியிலிருந்து வீரம்மாளின் முதல் கார்டை எடுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

டாக்டர் எதிரே வாசுகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தமிழ்ச்செல்வன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார். கார்டை நீட்டினேன். டாக்டர் வாங்கிப் படித்தார்.

"இதுல வீரம்மாள்னு இருக்குதே. யாரு இவங்க?"

வாசுகி மேசைக்கடியில் என் கையை நகம் பதியக் கிள்ளினாள். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"எங்க எதுர்வூட்டு அத்தைங்க. இந்த மாத்திர எல்லாத்தையும் முழுங்குனது எந் தங்கச்சி. அத்தைக்கு டி.பி. வந்ததே இல்லைங்க."

மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாசுகி என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் மேசையில் எடுத்து வைத்திருந்த சிவப்புப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதுக் கார்டை எடுத்தார்.

நாலே வார்த்தை. சொல்ல ஒரு மூச்சுகூட ஆகவில்லை.