என் வாசலில் நின்ற வேன்

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து பணம் போட்டு ஒரு வேன் வாங்கினோம். சவம் கொண்டுபோகிற வேன். ஒரு சாவு விழுந்தால் யமுனைக் கரைச் சுடுகாட்டுக்குப் போக டாக்சிக்காரர்களிடம் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போயிருந்தோம். வீடு வீடாக ஏறி இறங்கி வசூல் செய்தவன் நான். எல்லோரும் மனதாரக் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, "எங்க ப்ளாக் முன்னாடி மட்டும் நிறுத்திடாதீங்க சார்" என்றும் சொன்னார்கள். கடைசியில் அது என் வாசலில்தான் வந்து நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதே மாதம் இதய ஆபரேஷனுக்காக அப்பா திருச்சியிலிருந்து வந்தார். அவருடைய கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு நேரே வேன்.

"அது யார் வண்டிடா?"

"ஸ்கூல் வண்டிப்பா."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஆபீஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபரேஷன் வரை அவர் தைரியமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் எல்லோரையும் வறுத்தெடுத்தேன். நான் திரையை இழுத்து மூடுவேன், புழுங்குகிறது என்று அப்பா திறப்பார். வேனின் பக்கவாட்டில் அது எதற்கான வண்டி என்று எழுதியே தீரவேண்டும் என்று கமிட்டித் தலைவர் துடித்தார். மழை முடியட்டும், நல்ல பெயிண்டர் கிடைக்கட்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒருநாள் டிரைவர் வேனுக்குள்ளிருந்து சாமந்திப் பூக்களைக் கூட்டித் தள்ளினார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஸ்கூல்ல ஆண்டு விழா" என்றேன், அவர் கேட்காமலே.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அன்று காலையில், சொல்லிவைத்திருந்த டாக்சி வரவில்லை. ஸ்ட்ரைக்காம். மெயின் ரோடு வரை ஓடிப் பார்த்துவிட்டு வியர்த்து வழியத் திரும்பினேன். அப்பா கையில் பையோடு வேன் அருகில் நின்றிருந்தார். டிரைவர் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

"இதுல வேணாம்பா. இது வந்து..."

"பூவைக் கூட்டுனப்பவே தெரிஞ்சுபோச்சுடா. நீ பயந்து கெடக்கியேன்னுதான் நானும் சும்மா இருந்தேன். நீயும் இதுக்குக் காசு போட்டிருக்கேல்ல?"

"போட்டிருக்கேன்."

"அப்புறம் என்ன? படுத்துப் போறதுக்கு முன்னாடி ஒருதடவை உட்காந்து போறேன்."

ஏறி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர் பெஞ்சில் நான். நடுவில் காலிப் பலகை. அதைப் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. டிரைவர் பழக்க தோஷத்தில் வண்டியை யமுனைப் பக்கம் திருப்பினார்.

"டிரைவர், ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி!" என்று கத்தினேன்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆஸ்பத்திரி வாசலில் டாக்சிகள் வரிசையாக நின்றன. அப்பா பிடிவாதமாக வேனைத்தான் வரச் சொன்னார். எங்கள் தெருவுக்குள் வேன் நுழைந்தபோது ப்ளாக் முழுவதும் ஜன்னலுக்கு வந்து எட்டிப்பார்த்தது. போனபடியே, உட்கார்ந்தே வந்து இறங்கினார் அப்பா.