திங்கட்கிழமை ஹேங் ஆகும் மெஷின்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, "நான் ஒண்ணுமே பண்ணலயே சார்" என்ற ஒரே வாக்கியத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருக்கும் தொழில். இதில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், வைரஸ் தொல்லை தாங்காமல், திருவண்ணாமலையில் மூன்று பேரை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினேன். வைரஸ் போனது. வேறொரு பீடை வந்தது. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு, அதைச் செய்த கம்பெனி கொடுக்கும் டிரைவர் என்கிற சாஃப்ட்வேரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால், சில சமயம் திரை கறுப்பாகி, மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டியவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

மூவரில் எனக்குப் பயம் செல்விக்காவை நினைத்துத்தான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் அவருடைய டைப்பிங் சென்டர். ஒரு மெஷின், ஒரு பிரிண்டர். திங்கட்கிழமை மனு நாள். கிராமத்து ஜனங்கள் எட்டு மணிக்கே வந்து மனு அடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். மற்ற நாளில் ஈ ஓட்ட வேண்டியதுதான். வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில். குடும்பம் ஓடியது அந்த ஒரு திங்கட்கிழமையில். இடி விழுந்து அவருடைய மெஷினில் டிஸ்ப்ளே போனபோது தனியாக ஒரு கார்டு போட்டேன். எழுத்து பட்டையாகத் தெரிகிறது என்றார். அதற்காகக் கம்பெனி டிரைவரையும் போட்டு, "ஹேங் ஆகாதுக்கா" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்தான்.

சுழலும் பெட்டி

மூவரில் இன்னொருவர், கோயில் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நசீர் பாய், ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் லேப்டாப்பில் திரை பெட்டி மாதிரி சுழல்வதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து, "நம்ம மெஷின்லயும் சுத்தணும் இன்ஜினியர்." வேண்டாம் பாய், இருப்பது இருக்கட்டும் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. பெட்டி சுழல வேண்டுமானால் கம்பெனி டிரைவர் வேண்டும்; முதல் மெஷினில் அதைப் போட்டேன். ஒரு நாள் முழுக்கப் பெட்டி சுழன்றது. பாய் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் காலை கறுப்புத் திரை. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அதன் முன்னால் ஒரு வெள்ளைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் எப்படிச் சம்மணம் போட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அசையவில்லை. பாய் என்னை ஓரமாக இழுத்துச் சொன்னார்: "மெஷினு நின்னதும் அவரு கண்ண மூடிட்டாரு இன்ஜினியர். அவருக்கு அவசரம் கம்மி. எனக்குத்தான் ஜாஸ்தி."

பௌர்ணமி சர்வீஸ்

மூன்றாவது ஆள் அடி அண்ணாமலையில் இருந்த ஒரு கணக்கு வாத்தியார். ஒரு சனிக்கிழமை போன் செய்தார். ஸ்கிரீன் கறுப்பு, ஒன்றுமே வரவில்லை என்றார். அன்று பௌர்ணமி. மத்தியானத்திலேயே கிரிவலப் பாதையில் வண்டியை மறித்துவிட்டார்கள். டிரைவர் சிடி, ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய கார்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஜனத்தோடு ஜனமாக நடந்தேன். வழியில் மூன்று பேர் என் பையைப் பார்த்துப் பிரசாதமா என்று கேட்டார்கள்.

போய்ப் பார்த்தால் டிரைவரில் கோளாறே இல்லை. வாத்தியார் மேஜையை நகர்த்தியிருக்கிறார். மானிட்டர் ஒயரைத் திரும்பச் செருகும்போது, கார்டில் செருகாமல், கார்டு போடுவதற்கு முன் இருந்த பழைய ஓட்டையில் செருகிவிட்டார். மாற்றிச் செருக எனக்கு ஆன நேரம், அவர் வீட்டுக் காபி ஆறும் நேரம்கூட இல்லை. திரும்பி வரலாமென்றால் அந்தக் கூட்டத்தை எதிர்த்து நடக்க முடியாது. மலையை முழுசாகச் சுற்றித்தான் வீட்டுக்கு வர வேண்டும். அன்று சாயங்காலம் செல்விக்கா மெஷினைப் போய்ப் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன்; அதற்கு முந்திய மாதம்தான் ஒரு திங்கட்கிழமை நின்றுபோய் ஆளையே கலங்க வைத்திருந்தது. போக முடியவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாத்தியார் வாசல்வரை வந்து வழியனுப்பினார்: "எல்லாம் நல்லதுக்குத்தான் சார். இது ரிப்பேர் ஆகலன்னா இந்த மாசம் நீங்க கிரிவலம் வந்திருப்பீங்களா?"

இப்ப ஆயிடும்

நான் பயந்த மாதிரியே திங்கட்கிழமை எட்டேகாலுக்குச் செல்விக்காவிடமிருந்து போன். பின்னால் ஜனத்தின் சத்தம் கேட்டது. புரிந்துவிட்டது. போனபோது வாசலில் இருபது பேர். உள்ளே கறுப்புத் திரையில் அந்தக் கோடு. செல்விக்கா மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு வெள்ளைத் தாளில் கையால் மனு எழுதிக்கொண்டிருந்தார். கையால் எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஒவ்வொருவராகக் கழன்று இரண்டு கடை தள்ளியிருந்த இன்னொரு டைப்பிங் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் ரெக்கவரி என்கிற பின்வாசல் வழியாகப் போய் டிரைவரைக் கழற்றி மறுபடி போட்டேன். மறுபடியும் கறுப்பாகி நின்றது. மறுபடி கழற்றினேன். கேட்டவர்களுக்கெல்லாம் "இப்ப ஆயிடும், இப்ப ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரை போகாமல் நின்றவர் ஒரு பெரியவர் மட்டும்தான். அவர் குனிந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "ஒரு வருஷமா பட்டாவுக்கு நடக்கறேன் சாமி. உள்ள இருக்கறவங்களும் இதையேதான் சொல்றாங்க, இப்ப ஆயிடும்னு."

சுவரில் ஒட்டிய தாள்

மெஷின் வழிக்கு வந்தபோது மத்தியானம். மனு வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. செல்விக்கா அழவில்லை, அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இன்னொரு திங்கக்கெழம இப்டி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அவருடைய விபூதி மேல் சந்தேகம். ஞாயிறுதோறும் மெஷினைத் துடைத்து, விபூதி குங்குமம் வைத்து, ஊதுபத்தி காட்டுவார். அந்தத் தூள்தான் கார்டுக்குள் போகிறது என்று ஏற்கெனவே ஒரு பிரசங்கம் செய்திருந்தேன். திறந்து பார்த்தேன். உள்ளே என் வீட்டைவிடச் சுத்தமாக இருந்தது. "ஞாயித்துக்கெழம வேற என்னக்கா பண்ணீங்க?" என்றேன். வழக்கமான பதிலை எதிர்பார்த்தேன். அவர் சுவரைக் காட்டினார்.

வைரஸ் காலத்தில் நான் எழுதி ஒட்டிய தாள். "அப்டேட் கேட்டால் தவறாமல் சரி கொடுக்கவும்." லினக்ஸுக்கு மாற்றியபோது அதைக் கிழிக்க மறந்துவிட்டேன். விஷயம் இதுதான்: அப்டேட்டில் சில சமயம் கெர்னல் என்கிற அடிப்பகுதியே புதிதாக வந்துவிடும். பழைய அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி, பழைய டிரைவர் அதற்குச் சேராது. மறுதடவை ஆன் செய்யும்போது மெஷின் நிற்கும். செல்விக்கா ஞாயிறு பூஜை முடித்து, அப்டேட்டும் கொடுத்து, அணைத்துவிட்டுப் போவார். மறுதடவை ஆன் செய்வது திங்கட்கிழமை காலையில். வேறு யாராவது செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன். நான் அந்தத் தாளையே திரும்பத் திரும்பப் படித்தேன். செல்விக்கா கேட்டார்: "உங்க கையெழுத்துதான தம்பி? நான் ஒரு வாரம்கூட மறக்கல."

காவலுக்குப் போன திங்கட்கிழமை

கம்பெனி டிரைவரை எடுத்துவிட்டு, லினக்ஸோடு வரும் சாதாரண டிரைவரைப் போட்டேன். எழுத்து கொஞ்சம் பட்டைதான், ஆனால் நிற்காது. அப்டேட்டை நிறுத்தினேன், தாளைக் கிழித்தேன். பத்து தடவை ஆன் செய்து பார்த்தேன். அப்படியும் மனசு கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஏழரைக்கே போய், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மெஷின் அருமையாக ஓடியது. ஆள்தான் வரவில்லை. வாசல்வரை வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். ஒன்பதரை ஆனது. செல்விக்கா பேப்பரை அடுக்குவதும் கலைத்து அடுக்குவதுமாக இருந்தார். இவர் பிழைப்பைக் கெடுத்தே விட்டோமே என்று ஒயர்களை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். இனி எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. டீய குடிச்சிட்டு கெளம்புங்க. உங்கள உள்ள பாத்தாலே மெஷினு போச்சுன்னு நெனச்சி ஜனங்க அடுத்த கடைக்குப் போயிட்றாங்க."

எதிர்ப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, அந்த வாசலில் செருப்பு மேல் செருப்பு சேர்வதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, இத்தனை வருஷ சர்வீஸில் நான் பார்த்த உருப்படியான வேலை ரோட்டைக் கடந்ததுதான் என்று.