விமானம் ஏறும் முன் பூந்தமல்லியில் ஓர் ஒத்திகை

முதல் முறை விமானத்தில் போகப் பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று இந்தப் பக்கத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். மருந்து மாத்திரை எதுவும் நான் சொல்லப்போவதில்லை. நான் எப்படி ஏறினேன் என்று மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. விசாவும் வந்துவிட்டது. என் கணவர் சேவியர் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. என் வேலையை நம்பித்தான் குடும்பமே இருந்தது. ஆனால் எனக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பக்கம் போனாலே தலை சுற்றும். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, "என்னால முடியாதுங்க, நான் போகல" என்று சொல்லிவிட்டேன். சேவியர் கோபப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவர் போனது பள்ளிக்கூடத் தோழர் காதரைப் பார்க்க. காதர் அண்ணன் கரையான்சாவடியில் ஆட்டோ ஓட்டினார். யோசனை அவருடையதுதான். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. அங்கே விமானம் போலவே ஆடும் ஒரு சவாரி வந்திருக்கிறதாம். முதலில் அதில் ஏறிப் பார்க்கட்டும் என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் இருந்து கிளம்பினோம். அம்பத்தூரில் பஸ் பிடித்து ஆவடி, அங்கிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் கரையான்சாவடி. வழி நெடுகக் கூட்டம், ஒன்றரை மணி நேரம் ஆனது. காதர் அண்ணன் ஆட்டோவோடு காத்திருந்தார்.

"இன்னா தங்கச்சி, இப்பவே மூஞ்சி வெளுத்துகினு கீது? அது தரையிலதாம்மா நிக்கிது, எங்கியும் பூடாது" என்றார். நான் சிரிக்கவில்லை. பூங்கா வாசலில் எங்களை இறக்கிவிட்டு, புளியமர நிழலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டார்.

சவாரி என்பது மினி பஸ் அளவில் ஒரு பெட்டி. இரும்புக் கால்கள் மேல் நின்றது. உள்ளே இருபது பேர் உட்காரலாம், எதிரே திரை. பெல்ட்டைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டார்கள். திரையில் ஓடுபாதை வந்தது. இரைச்சல் கூடக்கூட இருக்கை பின்னால் சாய்ந்தது. மேகம், மலை, பிறகு தலைகுப்புற ஒரு பள்ளத்தாக்கு. கண்ணை மூடிக்கொண்டு சேவியரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். இதுவே முடியவில்லை, மஸ்கட்டாவது ஒன்றாவது என்று தீர்மானமே செய்துவிட்டேன்.

அப்போது கரண்ட் போய்விட்டது.

பெட்டி முன்பக்கம் சரிந்தபடியே நின்றது. ஒரே இருட்டு. ஏசி நின்றதும் புழுக்கம். யாரோ அலறினார்கள். எனக்கு இடது பக்கம் இருந்த பெரியம்மா, "மூச்சு முட்டுதே, யா அல்லா, மூச்சு முட்டுதே" என்று திணற ஆரம்பித்தார்.

கை தானாக அவர் நாடியைத் தேடிப் போனது. படபடவென்று அடித்தது. "அம்மா, நான் நர்ஸ். ஆஸ்துமா இருக்கா உங்களுக்கு?"

"இல்லம்மா, பயமா கீது."

"என் கையைப் பிடிச்சுக்கங்க. மூக்கால இழுங்க. இப்ப வாயால மெதுவா ஊதுங்க, சூடான டீயை ஆத்துற மாதிரி. இன்னொரு தடவை."

இதற்குள் சேவியர் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார். "டேய், கதவைத் தொறங்கடா! யாருடா அங்க?"

"சும்மா உக்காருங்க. சரிவா இருக்கு, கழட்டினா முன்னாடி போய் விழுவீங்க. யாரும் பெல்ட்டைக் கழட்டாதீங்க" என்று வார்டில் போடுகிற குரலில் போட்டேன். பெட்டியே அடங்கிவிட்டது. பெரியம்மாவும் நானும் ஊதிக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் நாடி நிதானத்துக்கு வந்தது.

ஜெனரேட்டர் போட்டதும் பெட்டி மெல்லச் சமநிலைக்கு வந்து கதவு திறந்தது. வெளியே வெயில் அவ்வளவு நன்றாக இருந்தது. பெரியம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: உள்ளே இருந்த அத்தனை நேரமும் நான் பயப்பட மறந்துபோயிருந்தேன்.

சவாரி நடத்துகிறவர் மன்னிப்புக் கேட்டார். "விருப்பப்பட்டவங்க இன்னொரு தடவை சும்மாவே போலாம்." எல்லாரும் வேண்டாம் என்று நகர்ந்தார்கள்.

"நான் போறேன்" என்றேன்.

"ஆளை வுடும்மா, நான் இங்கியே நிக்கிறேன்" என்றார் சேவியர். சட்டையெல்லாம் வேர்வை. ஒரு நொடி என்னையே பார்த்துவிட்டு, "அப்போ நெஜமாவே பூடுவ, இல்ல?" என்றார்.

"ரெண்டு வருஷம்தானேங்க."

தலையை ஆட்டினார். முகத்தில் நிம்மதிதான் இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்து, இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினேன்.

அந்தச் சவாரி இன்று இருக்கிறதா, தெரியாது. இந்த மாதிரிச் சவாரி இப்போது பல பூங்காக்களில் உண்டு. போகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். குமட்டினால் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இதயக் கோளாறு, கழுத்து வலி, கர்ப்பம் என்றால் ஏறவே வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வாரமே மஸ்கட்டுக்கு ஏறிவிட்டேன், நிஜ விமானம் இதில் கால்வாசிகூட ஆடாது. எழும்பும்போது வயிறு ஒரு தடவை தூக்கிப் போடும், பிறகு அடங்கிவிடும்.

கேட்டால் ஜன்னல் சீட் கொடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள். மீனம்பாக்கத்தை விட்டு எழும்பியதும் கீழே பாருங்கள். நம் ஊரில் இத்தனை ஏரிகளா என்று இருக்கும்.