குவைத்துக்கு அஞ்சு மணி நேரம்

“…அஞ்சே அஞ்சு மணி நேரந்தான் பாப்பா, நீ ஹட்டன்ல ரயில் ஏறி கொழும்புல எறங்குறதுக்குள்ள அம்மா குவைத்துல எறங்கிருவேன்” என்று சொல்லிக்கொண்டே அம்மா என் தலையில் தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெயின் வாசம், அவள் போய் ஒரு வாரம் வரைக்கும் தலையணையில் இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு மூன்று.

வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு ஏஜென்சிக்காரர் சொல்லி அனுப்பிய கணக்கு அது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பன்னிரண்டு ‘காம்பரா’ அறைகளிலும் அது பரவி, குவைத் என்றால் கொழும்புக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி ஆகிவிட்டது. பூண்டுலோயாவில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கத் தனக்கே மூன்று பஸ் மாற வேண்டியிருக்கிறது, உங்கம்மா பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று அடுத்த காம்பரா அத்தை என்னைத் தேற்றுவார்.

அம்மா போன ஐந்தாம் மாதம், மலையில் தேயிலைச் செடிகளைக் ‘கவ்வாத்து’ வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் குளவிக் கூட்டம் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் லொறியிலேயே உயிர் போய்விட்டது. தோட்டத் தலைவர் டவுனுக்கு ஓடி, அம்மா வேலை செய்த வீட்டுக்கு போன் போட்டு, அவள் கதறியதையும் கேட்டுவிட்டு வந்தார். உடல் லயத்துக்கு வந்த அன்றே எடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது, நான்தான் எழுந்து நின்று விரலை மடக்கிக் காட்டினேன்: பிளேன் அஞ்சு மணி நேரம், ரயில் அஞ்சு மணி நேரம், விடிந்தால் அம்மா.

“புள்ள சொல்றது சரிதானே. கட்டுனவ மொகம் பாக்காம எப்படித் தூக்குறது? இருப்போம்” என்றார் தலைவர்.

பிரேதம் எடுக்கும்வரை அந்த லயத்தில் ஓர் அடுப்பும் எரியக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் ஹட்டனுக்கு வந்த ஒவ்வொரு ரயிலுக்கும் மாமா போய் நின்றார், தனியாகவே திரும்பினார். மேல் லயத்துக்காரர்கள் கொண்டுவந்த ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும் பிள்ளைகளுக்கே பத்தவில்லை. தப்படிக்கிறவர்கள் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில், ஊதுபத்திக்கு அடங்காத வாடை வந்தது. அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மட்டும் கணக்கு எங்கே பிசகியது என்று விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று உச்சிப்பொழுதில் அப்பாவைத் தேயிலைக்கு நடுவே புதைத்தார்கள்.

கருமாதியும் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் அம்மா வந்தாள். பிளேன் அஞ்சு மணி நேரத்தில்தான் கொண்டுவந்து இறக்கியதாம். பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரரின் அலுமாரியில் இருந்தது, சாவி அவருடைய சட்டைப் பையில். அது திறக்கத்தான் அத்தனை நாள்.

இன்று அந்த லயம் இல்லை, மண்சரிவுக்குப் பயந்து இடித்துவிட்டார்கள். புதைத்த இடத்தில் புல் மண்டி, அப்பா எங்கே கிடக்கிறார் என்று அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த அஞ்சு மணி நேரம் மட்டும் குறையாமல் இருக்கிறது. போன வாரம் தம்பி மனைவி தன் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டே, “அம்மா போற எடம் அஞ்சு மணி நேரந்தான்டா தங்கம்” என்றாள். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்து உள்ளே வந்தாள்.

“பாஸ்போட்ட எடு, பாப்போம்.”

வாங்கினாள். போட்டோவைக்கூடப் பார்க்காமல் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் கீரை ஆயப் போனாள்.